அகப்பைக் காம்பு

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலே, ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் முதலாம் இராசராச சோழனும் அவன் தமக்கை குந்தவையாரும் இறைவனுக்கு அளித்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் இன்ன நிறை உடையதென்று, கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும் விடாமல் கணக்கிட்டுப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நெய் வார்க்கும் நெய்முட்டை என்னும் சிறு கரண்டிகூட அந்தக் கணக்கிலே தனக்குரிய இடத்தைப் பெற்றிருக்கிறது. அதே நாட்களில் அந்நகரத்து மண் அடுப்புகளின் மேல் கூழையும் குழம்பையும் இடைவிடாது துழாவிக்கொண்டிருந்த மர அகப்பையை நிறுத்து எழுதி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிராது. பொன்னுக்குச் சரித்திரம் உண்டு, கல்லுக்கும் உண்டு, அம்மியும் உரலும் பூமிக்குள் புதைந்தாலும் என்றைக்காவது ஒருநாள் தோண்டுவோர் கையில் அகப்பட்டுத் தம் காலத்தைச் சொல்லிவிடும். மரமோ கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிடுவது. அதற்கு முன்பே, காம்பு முறிந்த அன்றே, எந்த அடுப்பின்மேல் உழைத்ததோ அந்த அடுப்பிலேயே விறகாகிவிடுவது. ஆதலால் அகப்பையின் வரலாற்றை அறிய விரும்புவோர் பழம்பொருட் சாலைகளுக்குச் செல்வதைவிட, நூல்களையும் அடுக்களைகளையும் நாடுவதே பயன் தரும். அவ்வாறு நாடும்போது எனக்கு மீண்டும் மீண்டும் புலப்பட்ட ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்: எல்லோரும் பேசுவது அகப்பையின் குழிந்த தலையைப் பற்றித்தான், ஆனால் சமையலின் அறிவெல்லாம் தங்கியிருந்தது அதன் காம்பிலேதான்.

நூல்களிலிருந்து தொடங்குவோம். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் புகழ்ந்து மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், போர்க்களமே ஒரு பயங்கரமான மடைப்பள்ளியாகக் காட்டப்படுகிறது. முடியணிந்த தலைகள் அடுப்பாகின்றன, குருதி உலைநீராகிறது, அதைத் துழாவுவதற்குத் துடுப்பாக வருவது தொடியணிந்த வீரனின் தோள். அந்தக் காட்சியின் கொடுமையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு அதற்குள்ளே மறைந்திருக்கும் அடுக்களைச் செய்தியைக் கவனித்தால், துடுப்பு என்பது ஒரு முழுக் கையளவு நீளமுடையதாக, பெரிய பானையைத் துழாவுவோர் தம் தோள் வலிமை முழுவதையும் செலுத்தும்படியாக அமைந்த சாதனமென்று அக்காலத்தவர் மனத்திலே பதிந்திருந்தது தெரிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் கேழ்வரகுக் களி கிண்டும் பெண்கள் அந்தச் சாதனத்தை அதே பெயரால் இன்றும் அழைக்கிறார்கள் என்பது, ஒரு பேரரசனின் பரம்பரைகூடப் பெறாத ஆயுளை ஒரு சமையற் கட்டை பெற்றுவிட்டது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி.

ஆனால் அறநூலார் அகப்பையிடம் அத்தனை தயவு காட்டவில்லை. பாலி மொழியிலுள்ள தம்மபதம், அறிவிலி ஒருவன் ஆயுள் முழுதும் ஞானியின் அருகிலேயே இருந்தாலும் அறத்தை அறியமாட்டான் என்பதற்கு, குழம்பிலே கிடந்தும் அதன் சுவையை அறியாத அகப்பையை உவமையாக்குகிறது. நாலடியாரில் புல்லறிவாண்மையைக் கூறும் அதிகாரத்திலே, பாற்கூழின் சுவை உணராத மூழை என்னும் அகப்பை அதே குற்றத்துக்காக இகழப்படுகிறது. நெடுங்காலத்துக்குப் பின் வந்த சிவவாக்கியரும், நட்ட கல்லைத் தெய்வமென்று சுற்றி வருவோரை இடித்துரைக்கும் தம் புகழ்பெற்ற பாடலில், கறியின் சுவை அறியாத சட்டியையும் சட்டுவத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார். பௌத்தரும் சமணரும் சித்தரும் ஒரே பொருளை ஒரே குற்றத்துக்காக நிறுத்தி வைத்தது, அது எல்லா வீட்டிலும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. அப்பெரியோர்களிடம் மிகுந்த மரியாதையுடன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சுவையை நாக்கு அறியும். அகப்பை அறிய வேண்டியது அதுவன்று. கூழ் இறுகுகிறதா இளகுகிறதா, மாவு அடியிலே பிடிக்கத் தொடங்கிவிட்டதா, பருப்பு குழைந்ததா என்னும் பதத்தை, கண்ணுக்குத் தெரியாத பானையின் அடியிலிருந்து எடுத்து வந்து உள்ளங்கைக்குச் சொல்வது அதன் காம்பு. சூட்டைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, தடையை மாத்திரம் கைக்கு அனுப்பும் இந்தக் குணம் மரத்துக்கே உரியது. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. அத்தகைய உலோகக் காம்பைப் பிடித்த கை சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் கவலையிலேயே ஈடுபட்டிருக்குமாதலால், பதத்தைக் கேட்கும் பொறுமை அதற்கு எங்கிருந்து வரும்?

வைதிக வேள்வியின் கரண்டிகளிலும் இதே அக்கறை காணப்படுகிறது. நெய் சொரியும் ஜுஹூ பலாச மரத்தாலும், உபபிருத் அரச மரத்தாலும், சுருவம் கருங்காலியாலும் செய்யப்பட வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். ஜுஹூ போன்ற பெரிய கரண்டிகள் ஒரு கையின் நீளம் இருக்க வேண்டுமென்பதும் விதி. மூண்டெழும் அக்கினிக்கும் நெய் வார்ப்பவன் கைக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் வகுத்த அளவு அது. வாழ்நாள் முழுதும் அக்கினி வளர்த்தவன் இறந்தபோது, ஜுஹூவை வலக்கையிலும் உபபிருத்தை இடக்கையிலும் வைத்து அவனுடன் சேர்த்தே அவற்றைத் தகனம் செய்தார்கள். அந்தக் கரண்டிகளும் நமக்குக் கிடைக்காமற் போனதற்குக் காரணம் அதுவே. வேள்விச்சாலையானாலும் வீட்டு அடுக்களையானாலும் மரத்தின் முடிவு நெருப்பிலேதான்.

இனி அகப்பை செய்யும் தொழிலுக்கு வருவோம். தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் மலையாளத்திலும் சிரட்டை என்றும், பிற இடங்களில் கொட்டாங்கச்சி என்றும் சொல்லப்படுகிற தேங்காய் ஓடுதான் இதற்கு மூலப்பொருள். நன்கு முற்றிய நெற்றின் ஓடாக இருக்க வேண்டும். இளங்காயின் ஓடு சூட்டிலே வெடித்துவிடும். தேங்காயை உடைத்தால் மூன்று கண்களும் ஒரு பாதியோடு போய்விடுகின்றன. அவற்றுள் ஒரு கண் மெல்லியது, எளிதிலே துளை விழுவது. ஆகவே கண்ணில்லாத பாதியையே அகப்பைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். புறத்திலுள்ள நாரை அரிவாளின் முனையால் சுரண்டி, பின் கண்ணாடிச் சில்லால் வழித்து, கடைசியாகச் சொரசொரப்பான இலையால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். உப்புத்தாள் வருவதற்கு முன் மரவேலைக்காரர்களுக்கு அந்த உதவியைச் செய்தவற்றுள் பராய் மரத்தின் இலை ஒன்று. திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள திருப்பராய்த்துறைக்குத் தல விருட்சமாக இருப்பதும் அந்த மரமே.

தொழிலின் நுட்பமெல்லாம் இதற்கு மேலேதான் இருக்கிறது. ஓட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளையும், அதற்கு எதிர்ப்புறத்தில் சற்று இறக்கமாக மற்றொரு துளையும் இடுவார்கள். மூங்கிலையோ கமுகையோ பிளந்து சீவி, நுனியை நோக்கி மெலிந்து வரும்படி செதுக்கிய காம்பை முதல் துளையின் வழியே செலுத்தி, உட்புறத்தைக் கடந்து எதிர்த்துளையில் அதன் முனையை இறுக்கிவிடுவார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது, கம்பிக் கட்டும் கிடையாது. நீரிலே நனைந்தவுடன் மரம் பருக்கிறது. பருத்த மரம் துளையை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே எந்த ஈரம் பிற மரச்சாமான்களைக் கெடுக்குமோ அதே ஈரம் அகப்பைக்குப் பலமாகிறது. பல நாள் உபயோகமின்றிக் காய்ந்து கிடந்த அகப்பை கழன்று ஆடும். அதைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறப்போட்டால் மறுபடியும் உறுதியாகிவிடும். இரண்டு துளைகளின் உயர வேறுபாட்டினால் தலைக்கும் காம்புக்கும் உண்டாகும் சாய்வு, பானையின் வாய் வழியே அடிவரை துழாவுவதற்கும், நிறைந்த குழம்பைச் சிந்தாமல் மேலே கொணர்வதற்கும் ஏற்றதாக அமைய வேண்டும். அந்தச் சாய்வைக் கண்ணளவாலேயே நிர்ணயித்த தச்சர்களின் கைத்திறனை நாம் போதுமான அளவு போற்றவில்லை என்றே எண்ணுகிறேன்.

தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கிராமங்களில் இத்தொழில் தைப்பொங்கலோடு பிணைந்திருந்தது. புதுப் பானையில் புத்தரிசி பொங்கும்போது அதைத் துழாவும் அகப்பையும் புதிதாக இருக்க வேண்டுமென்பது சம்பிரதாயம். மார்கழி பிறந்ததும் ஊர்த் தச்சர் சிரட்டைகளைச் சேர்த்து ஊறவைத்து, வீட்டுக்கு வீடு அகப்பை செய்து கொடுப்பார். அதற்குப் பதிலாக நெல் பெறுவார். விலை என்று ஒன்றைப் பேசுவதில்லை. ஏரும் வண்டியும் பழுது பார்த்ததற்கு அறுவடைக் களத்தில் அவருக்கு உரிய பங்கு இருந்ததுபோல, அகப்பைக்கும் அறுவடையை ஒட்டிய ஒரு மரியாதை இருந்தது. பணம் புழங்கத் தொடங்கிய பின் இத்தகைய பண்டமாற்று உறவுகள் எங்கும் தளர்ந்தன. ஆயினும் பொங்கல் அகப்பை சில ஊர்களில் இன்றளவும் நீடித்திருக்கிறது.

இத்தனை கவனத்துடன் செய்யப்பட்ட சாதனத்தை நம் பெண்கள் ஒரு முனையால் மட்டுமே உபயோகித்திருந்தால் அதுவே வியப்பாயிருக்கும். தலை பரிமாறுவதற்கு; தலையால் ஆகாத காரியம் வரும்போதெல்லாம் அகப்பையைத் தலைகீழாகத் திருப்பிக் காம்பினால் அதை முடிப்பது பாகசாஸ்திரம் எதிலும் எழுதப்படாத, ஆனால் எல்லா வீடுகளிலும் கற்பிக்கப்பட்ட பாடம். அவற்றுள் முதலிடம் கொதிநீரில் மாவு பிசைவதற்கே தரவேண்டும். கோதுமை மாவைப் போல அரிசி மாவுக்கு இயல்பான பசை இல்லை. சுமார் 70 டிகிரிச் சூட்டில் அதன் மாச்சத்து வெந்து கஞ்சிபோலாகும்போதுதான் ஒட்டும் தன்மை பிறக்கிறது. ஆகவே இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் யாழ்ப்பாணத்துப் பிட்டுக்கும் மாவில் கொதிநீரை ஊற்றியே தீரவேண்டும்; அந்த நிலையில் கை வைக்க முடியாது. அகப்பையின் தலையால் கிளறினாலோ மாவு குழியிலே அப்பிக்கொண்டு கட்டியாகிறது. காம்பு மெல்லியது, மாவை வெட்டிக்கொண்டு செல்வது, ஈர மாவையும் உலர்ந்த மாவையும் கட்டி விழாமல் கலப்பது, ஒட்டியதைச் சட்டியின் விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்தால் வழிந்துவிடுவது. தமிழ்நாட்டில், கொழுக்கட்டைக்கு மாவு கிளறச் சொல்லிக்கொடுக்கும் எந்தத் தாயும், “கரண்டிக் காம்பால் கிளறு” என்றுதான் சொல்வாள். யாழ்ப்பாணத்திலோ அகப்பைக் காம்பின்றிப் பிட்டுக்கு மாக்குழைப்பதை நினைக்கவும் மாட்டார்கள்.

பிட்டைச் சொன்னதனால் குழற்பிட்டையும் சொல்லிவிட வேண்டும். நாகர்கோவிற் பக்கத்திலும் மலையாளத்திலும் ஈழத்திலும் மூங்கிற் குழாயில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி இட்டு அவிப்பார்கள். வெந்தபின் அதை உடையாமல் வெளியே எடுப்பதற்கு, குழாயின் பின்புறத்தால் ஒரு கம்பைச் செலுத்தி, உள்ளேயிருக்கும் துளைத்தட்டைச் சீராகத் தள்ள வேண்டும். தள்ளுகோல் குழாயைவிட நீளமாகவும், அதன் வாயைவிட ஒடுக்கமாகவும், ஆவியின் சூட்டைக் கைக்குக் கடத்தாததாகவும் இருக்க வேண்டும். தனியே ஒரு கோல் வைத்திருந்த வீடுகளும் உண்டு. இல்லாத வீடுகளில் அகப்பைக் காம்பே அந்தக் கடமையையும் ஏற்றது.

களியின் விஷயம் வேறு. கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டியவுடன் கிளறிவிட்டால் கட்டி தட்டிப் போகும்; ஆகையால் மாவைக் குவியலாகவே நீரின்மேல் விட்டு, துடுப்பின் காம்பை அக்குவியலின் நடுவே அடிவரை குத்தி ஒரு துளை செய்கிறார்கள். கொதிநீர் அந்தத் துளை வழியே மேலேறிக் குவியலை உள்ளிருந்தே வேகவைக்கிறது. சிறிது நேரம் கழித்துத்தான் கிண்டத் தொடங்குகிறார்கள். கிண்டும்போது பானை சுழலாதபடி கவையான கம்பால் அழுத்திக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் இரு கைகளாலும் துடுப்பை ஓட்டும் அந்த உழைப்பைப் பார்த்தவர்களுக்கு, மாங்குடி கிழார் தோளைத் துடுப்பாக்கியது ஏன் என்பது விளக்கமின்றியே புரியும்.

மருந்து காய்ச்சுவதிலும் காம்புக்கு ஒரு பங்கு உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் மிகவும் பிடித்தது இதுவே. கஷாயத்தை எட்டில் ஒன்றாகவோ நாலில் ஒன்றாகவோ வற்றக் காய்ச்சச் சொல்கின்றன நம் வைத்திய முறைகள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும் மண்சட்டியில் எவ்வளவு வற்றியது என்பதை எப்படி அறிவது? சட்டியின் அடி உருண்டையானதாகையால் உயரத்தில் கால்பங்கு என்பது அளவில் கால்பங்கு ஆகாது. அனுபவசாலிகள் கண்ட உபாயம் இது: முதலில் ஒரே ஒரு பங்கு நீரைச் சட்டியில் ஊற்றி, காம்பை நேராக அடிவரை நிறுத்தி, நனைந்த இடத்திலே ஒரு கீறல் இடுவார்கள், பிறகே மீதி மூன்று பங்கையோ ஏழு பங்கையோ சேர்த்து மருந்துச் சரக்கை இட்டு எரிப்பார்கள். அவ்வப்போது காம்பை நிறுத்திப் பார்த்து, ஈரம் கீறலைத் தொட்டவுடன் இறக்குவார்கள். கணித வாசனை அறியாதவர்கள் என்று நாம் எண்ணிய பாட்டிமார்கள், உருண்டைப் பாத்திரத்தின் கன அளவை எழுத்தும் எண்ணும் இன்றி இவ்விதம் அளந்திருக்கிறார்கள்.

மற்ற உபயோகங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சோறு கொதித்துப் பொங்கும்போது பானையின் வாயில் குறுக்கே அகப்பையைக் கிடத்தி, அதன்மேல் மூடியைச் சாய்த்து வைத்தால் ஆவி போவதற்கு வழி கிடைத்துப் பொங்கி வழிவது அடங்கும்; மூடியில்லாமல் காம்பை மட்டும் கிடத்தினாலும் நுரைக் குமிழிகள் அதிலே பட்டு உடையும், ஆனால் அந்தப் பலன் சற்று நேரத்துக்குத்தான். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாவைக் கிள்ளிப் போடுவதே பெருவழக்கு. உலர்ந்த காம்பின் நுனியை இட்டாலும் மரத்தின் துளைகளிலுள்ள காற்றும் சிறிதளவு ஈரமும் சூட்டினால் வெளியேறிக் குமிழியிடும். காம்பு நனைந்திருந்தால் எண்ணெய் தெறிக்குமாதலால் இதிலே ஜாக்கிரதை வேண்டும். வேலை முடிந்தபின் கூரை ஓலையிலே செருகி வைப்பதற்கும் அந்தக் காம்புதான். புகை படிந்து உலர்ந்த அகப்பையைப் பூச்சி எளிதில் அணுகாது.

அகப்பையின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. மரமும் ஓடும் வாசனையைக் குடித்துவிடுகின்றன. மீன் குழம்பைத் துழாவிய அகப்பையைப் பாலுக்கு வைக்க முடியாது. புளிக்குழம்புக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்திருப்பது அவசியமாயிற்று. அடிக்கடி வெயிலில் காயவைக்க வேண்டும். வெடித்ததைத் தயங்காமல் அகற்ற வேண்டும்.

காம்பைப் பிடித்திருப்பவர் கையில் அதிகாரமும் இருந்தது. அகப்பை பிடித்தவன் தன்னவனானால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்பது பழமொழி. கூட்டுக் குடும்பத்தில் அந்தக் காம்பு எவர் கையில் இருந்ததோ அவரே யாருக்கு எவ்வளவு, யாருக்கு முதலில் என்பதை முடிவு செய்தார். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு அது கைமாறிய நாள் சாவிக்கொத்து கைமாறிய நாளுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அந்த அதிகாரத்தின் கசப்பான முகமும் உண்டு. பசித்த மருமகளுக்குக் குறைத்துப் பரிமாறியதும் அதே அகப்பைதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் அகப்பைக் காம்பை முதன்முதலாக அறிந்தது சமையற் கருவியாக அன்று, அடிக்கும் கோலாகத்தான். அன்னபூரணியின் கையிலே கரண்டியைக் கொடுத்து வணங்கிய சமூகம், அவ்வாறு உபயோகித்ததற்காக வருந்தவே வேண்டும். அந்த வழக்கம் மறைந்து வருவது நல்லதே.

மண்சட்டி ஆண்ட காலம் முழுவதும் மரக் காம்புக்குப் போட்டியே இல்லை. உலோகக் கரண்டி மண்ணைச் சுரண்டும். சற்று வலுவாகப் பட்டால் சட்டி விண்டுபோகும். பித்தளையும் செம்பும் செல்வர் வீடுகளில் புழங்கின. ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும். இந்த நிலையைக் குலைத்தது அலுமினியம். ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிலே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நலிந்துகொண்டிருந்த, பாத்திரம் செய்யும் கன்னார்களுக்கு ஒரு புதிய தொழில் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அம்முயற்சி வெற்றி பெற்று 1903-இல் இந்திய அலுமினியக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. எடை குறைந்ததும், கீழே விழுந்தால் உடையாததும், களிம்பேறாததுமான அந்தப் பாத்திரங்கள் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஏழைகளின் வீடு வரை சென்றன. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1913-இல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத உருக்கு, நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பின் எவர்சில்வர் என்னும் பெயருடன் வந்து, கலியாணச் சீர்வரிசையில் தலைமை ஸ்தானத்தைப் பிடித்தது. பானை உலோகமானதும் அகப்பையும் உலோகமாயிற்று; சூடு காம்பேறியது; கரித்துணி கையோடு ஒட்டிக்கொண்டது. இரும்பு தோசைத் திருப்பியிலும் வாணலிக் கரண்டியிலும் மரப்பிடி மாட்டியது ஓர் இடைக்கால சமாதானம். தலையை இழந்த மரம் பிடியாகவாவது தங்கி நின்றது.

பிறகு நடந்ததை எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்னும் இரசாயன அறிஞர் 1938-இல் தற்செயலாகக் கண்ட ஒரு வழுவழுப்பான பொருள், பிரான்சில் மார்க் கிரெகுவார் என்பவரால் சமையற் பாத்திரங்களின்மேல் பூசப்பட்டு, 1956-இல் டெஃபால் என்னும் கம்பெனி தோன்றக் காரணமாயிற்று. ஒட்டாத அந்தப் பூச்சு தமிழர் அடுக்களைக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது: உலோகக் கரண்டி படக்கூடாது. மண்சட்டிக்கு எந்தக் காரணத்தால் மரம் வேண்டியிருந்ததோ அதே காரணத்தால், அரை நூற்றாண்டு விலகியிருந்த மரக் கரண்டி மீண்டும் அடுப்படிக்கு அழைக்கப்பட்டது. மண்சட்டியிலும் இன்று பலருக்குப் பற்று திரும்பியிருக்கிறது. வேப்பமரத்தாலும் தேக்காலும் கடைந்த கரண்டிகள் கடைகளிலே அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

அவற்றைச் செய்வோரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. யந்திரத்தில் கடைந்து வரும் இந்தக் காம்புகள் தலையிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக, கைப்பிடிக்கு வாட்டமாக, ஆனால் கட்டைவிரலைவிடத் தடித்தனவாக இருக்கின்றன. சில நுனியில் குமிழும் வைத்திருக்கிறார்கள். அத்தகைய காம்பால் இடியாப்ப மாவைக் கிளறினால் மாவு குமிழைச் சுற்றி உருண்டையாகிறது. பிட்டுக் குழாய்க்குள் அது நுழைவதில்லை. களிக் குவியலில் குத்தினால் குவியலே சரிகிறது. பழைய அகப்பைக்குச் செதுக்கியதுபோல, பிடிக்கும் இடத்தில் பருமனும் நுனியில் சுண்டுவிரலளவு ஒடுக்கமுமாக, ஒரு முழத்துக்குக் குறையாமல், வார்னிஷ் பூசாமல் செய்து கொடுத்தால், ஒரே கரண்டியில் இரண்டு கருவிகள் கிடைக்கும். பொங்கலுக்கு இன்னும் அகப்பை செய்கிற தச்சர்கள் அந்த அளவை அறிவார்கள். அவர்களிடம் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைந்தாலே போதும்.